புள்ளி வீடு சேரும் வரை

என் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொடுக்கிற வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வருடக்கணக்காக அதை மிதித்து மிதித்து, வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதுகூட டிவியில் ஒரு கார் வேகமாக வந்தால் காலைத் தரையில் அழுத்துவார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், இரண்டு வருடம் வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, உதவித்தொகையும் உண்டு என்று சொன்னேன். காலை அழுத்தினார். பிறகு காலை எடுத்துவிட்டு, "போயிட்டு வா" என்றார்.

சிரித்தது என் நாத்தனார்தான். எங்களோடுதான் இருக்கிறார், முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறார். கட்டடம் எழும்புவதற்கு முன்னால் நிலத்தைத் துளைத்து மண் எடுத்து, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது என் வேலை. மேல்படிப்பும் அதே மண்தான். "இங்க இல்லாத மண்ணையா அங்க போய்ப் பாக்கப் போறே?" என்று கேட்டுவிட்டு, பல்லில் கடித்திருந்த நூலை அறுத்துத் துப்பினார். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்று அன்றைக்கே சொன்னவரும் அவர்தான்.

குழந்தைக்கு அப்போது இரண்டரை வயது. வீட்டில் எல்லாருக்கும் அவள் வாண்டு. சொந்தக்காரர்கள் போன் போட்டு விசாரித்தார்கள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று கேள்விப்பட்டிருக்கிறோம், உன் விஷயத்தில் தலைகீழாக இருக்கிறதே என்று ஒரு சித்தி சொன்னாள். அவளுக்கு நல்ல பதிலாக நான்கு யோசித்து வைத்திருந்தேன். போனை வைத்த பிறகுதான் நான்கும் நினைவுக்கு வந்தன.

போய் இறங்கிய முதல் வாரத்தில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையெல்லாம் பெரிய அறையில் உட்காரவைத்து, கல்லூரியின் பாதுகாப்பு அதிகாரி பேசினார். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, தாலாட்டுப் பாடுகிற குரல். இரண்டு காதிலும் பாட்டை மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள், விளக்கு எரிகிற வழியில் போங்கள், குறுக்கு வழி வேண்டாம் என்றார். எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் வாசல் இறங்குகிறவரைப் பார்த்து "எங்கே" என்று கேட்டால் தொலைந்தது. நாத்தனார் கேட்டவரை முறைத்து, போகிறவரை உள்ளே இழுத்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முதலிலிருந்து கிளப்பிவிடுவார்.

அதிகாரியே அதற்கும் வழி சொன்னார். போனில் ஒரு வசதி இருக்கிறது, நீங்கள் இருக்கும் இடம் உங்கள் வீட்டாருக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்றார். அன்றைக்கே வைத்தேன். கணவர் போனிலும் நாத்தனார் போனிலும், தெரு வரைபடத்தின் மேல், நான் ஒரு நீலப் புள்ளி ஆனேன். யாரும் எங்கே என்று கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம்.

கணவர் அந்தப் போனை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே மாட்டிவைத்துவிட்டார். வண்டி பழக வந்த பிள்ளைகளெல்லாம் கிளட்சை விடுவதற்கு முன்னால் என் போக்குவரத்தைத் தெரிந்துகொண்டார்கள். "சார், மேடம் லேப்புக்குப் போயிட்டாங்க" என்று யாரோ சொல்வது எனக்கே போனில் கேட்கும். அங்கே வண்டிகள் எங்கள் ஊருக்கு எதிர்ப்பக்கமாக ஓடின. சாலையைக் கடக்க எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்பதை அவர் இருந்த இடத்திலிருந்தே பாடம் நடத்தினார். நான் திருப்பத்தில் கொஞ்சம் அதிகமாக நின்றால்கூட, ஏன் நின்றாய் என்று கேள்வி வரும்.

நான் ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்புகிற சாயங்காலம், அங்கே வீட்டில் தூங்கப் போகிற நேரம். வாண்டு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். புள்ளி நகரும். மருந்துக்கடை, துணி துவைக்கும் கடை, ரொட்டிக்கடை என்று பெரிய தெரு வழியாகவே வந்து, நான் தங்கியிருந்த வீட்டின் மேல் நிற்கும். "அம்மா வீட்டுக்குப் போயிட்டா" என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டு, திரையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடுவாள். புள்ளி வீடு சேராமல் அவள் கண் மூடியதில்லை என்று நாத்தனார் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

குளிர்காலம் வந்தது. நாலு மணிக்கே இருட்டியது. பெரிய தெருவில் சுற்றிப் போகாமல் ரயில் பாதைக்கு அடியில் இருந்த நடைபாதையில் நுழைந்தால் பாதி தூரம்தான். கையில் விரல் இருப்பதே தெரியாத ஒரு நாள் அதில் நுழைந்துவிட்டேன். உள்ளே ஒரு விளக்குதான் எரிந்தது. யாரோ பின்னால் வருவது போலிருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஓட்டமும் நடையுமாக வெளியே வந்து பார்த்தால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவர். வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் போன் அடித்தது.

"ஏன் அந்தச் சந்துல போனே?"

"குளுருதுங்க. அது கிட்டக்க."

"என்கிட்ட வர்றவன் அத்தன பேரும் இதத்தான் சொல்றான், சார் கிட்டக்கன்னு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு அவங்களுக்குச் சொல்லி அலுத்துட்டேன். இப்ப உனக்குமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அத்தனை சாலை இருக்கிற உலகத்தில், நான் நடக்கிற ஒன்றை மட்டும் இவர் ஏன் காவல் காக்க வேண்டும் என்று பொரிந்து தள்ளிவிட்டு வைத்துவிட்டேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தேன். அப்புறம் அழுகை வந்தது. அத்தனை சாலை இருக்கிற உலகத்தில் நான் நடக்கிற ஒன்றைப் பார்க்க அங்கே மூன்று பேர் இருக்கிறார்கள், இங்கே பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. அதற்குப் பிறகு அந்தச் சந்து பக்கம் நான் போகவில்லை.

வீடியோவில் கூப்பிட்டால் வாண்டு நிற்க மாட்டாள். முகத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிசயமாக நின்று, "அம்மா, நட" என்றாள். அறைக்குள் நடந்து காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த இன்னொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நகரல" என்று உதட்டைப் பிதுக்கினாள். அப்போதுதான் புரிந்தது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தால் வரைபடத்தில் என்ன தெரியும்? கோட்டை மாட்டிக்கொண்டு, பனியில் தெருமுனை வரை போனேன். "நகர்றா! அம்மா நகர்றா!" என்று அவள் கைதட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக முனைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பெண் திரையை விலக்கிப் பார்த்தாள். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

ஆனால் ராத்திரி படுத்த பிறகு அது வேறு மாதிரி குத்தியது. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் புள்ளியைப் பார்த்துச் சிரித்தாள்.

பஸ்ஸில் நடந்ததற்குப் பிறகு அதில் சந்தேகமே இல்லாமல் போனது. ஊருக்கு வெளியே ஒரு நிலத்தில் மண் எடுத்துவிட்டு வந்தேன். இரண்டு கையிலும் மண் டப்பாக்கள் நிறைந்த பைகள். போனை மடியில் வைத்து வாண்டுவின் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவள், நிறுத்தம் வந்ததும் அரக்கப் பரக்க எழுந்தேன். பைகள் இறங்கின, நான் இறங்கினேன், போன் இறங்கவில்லை. பஸ் திரும்பி மறைந்த பிறகுதான் கோட்டுப் பையைத் தடவிப் பார்த்தேன்.

அங்கே வீட்டில் பார்த்தால், புள்ளி நான் தங்கியிருந்த தெருவைத் தாண்டிப் போயிருக்கிறது. பெரிய பாலத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டி, வரைபடத்தில் கட்டடமே இல்லாத ஒரு இடத்தில் போய் நின்றிருக்கிறது. அது பஸ் டிப்போ என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கணவர் அடித்து அடித்துப் பார்க்க, யாரும் எடுக்கவில்லை. நாத்தனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாரும் பேய் முழி முழிப்பதைப் பார்த்து வாண்டு அழ ஆரம்பித்தாளாம்.

நான் ரொட்டிக்கடைக்குள் நுழைந்து, கடைக்காரப் பெண்ணிடம் போன் கேட்டேன். கொடுத்தாள். வாங்கிய பிறகுதான், கணவரின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை என்பது உறைத்தது. கட்டிய புருஷன் நம்பர் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். வாசலில் நிற்கிற வண்டி நினைவுக்கு வந்தது; அதன் தலையில் மஞ்சள் பலகை, பலகையில் சிவப்பு எழுத்தில் டிரைவிங் ஸ்கூல் பெயர், அதற்குக் கீழே நம்பர். தினம் மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தது. ஒவ்வொரு எண்ணாக அந்தப் பலகையிலிருந்து படித்து அழுத்தினேன்.

அவர் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் திட்டவில்லை. நான் விஷயத்தைச் சொல்லிவிட்டு, வாண்டுவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"கண்ணா, அம்மாடா. அம்மா வீட்டுக்கிட்ட வந்துட்டேன்."

"நீ அம்மா இல்ல" என்றாள். "அம்மா அங்க நிக்கிறா."

நான்தான் அம்மா என்று எத்தனை விதமாகச் சொல்லியும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள், இருட்டில், தனியாக. அன்றைக்கு அவளைத் தூங்கவைக்க அவர் பட்ட பாட்டைப் பிறகு சொன்னார். போன் இல்லையென்றால் அம்மா வழி தெரியாமல் தொலைந்துபோய்விடுவாள், அதனால்தான் பயந்துவிட்டோம், நாளைக்குப் போன் கிடைத்துவிடும், அம்மா கூடவே வந்துவிடுவாள் என்று சொல்லித் தூங்கவைத்தாராம். மறுநாள் டிப்போவில் போய் வாங்கிக்கொண்டேன். புள்ளி வீட்டுக்கு வந்தது. அவளும் சமாதானமானாள். எனக்குத்தான் சமாதானம் வரவில்லை. ஒரு வருடம் முடிந்து விடுமுறைக்குப் போகும்போது அவள் என்னை அடையாளம் கண்டுகொள்வாளா என்பது ஒன்றே எனக்குக் கவலையாக இருந்தது. படிப்பு, தேர்வு எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

போனேன். வாசலில் வண்டி நின்றதும் நாத்தனாரின் பின்னால் ஒளிந்துகொண்டாள். வளர்ந்திருந்தாள். கையை நீட்டினேன், வரவில்லை. அத்தையின் போனைப் பார்த்தாள். "அம்மா வந்துட்டா, நம்ம வீட்டுக்கு வந்துட்டா" என்று குதித்தாள். குதித்துக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டாள்.

என் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனால் அவள் என்னைத் தேடுவதில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பை கொட்டப் போனால் ஊரைக் கூட்டுவாள். தூங்கும்போது போனைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். என் போனே எனக்குச் சக்களத்தி ஆகிவிட்டது என்று நான் சொன்னதைக் கேட்டு நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுததை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துபோனது. "அம்மா தொலஞ்சு போயிட்டா" என்று அலறினாள். இதோ இருக்கிறேனே என்று எதிரில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சார்ஜர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டாள். போனுக்கு உயிர் வரும் வரை என்னை எழுந்திருக்க விடவில்லை. விரலையும் விடவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் கை என் மேல் பட்டது.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தாள். தலை வார வந்தாள். சோறு ஊட்ட வாயைத் திறந்தாள். ராத்திரி என் வயிற்றின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஒரு கையை என் மேலும் ஒரு கையைப் போன் மேலும் வைத்துத் தூங்கினாள். பாதியாவது எனக்குக் கிடைத்தது. அந்தப் பாதி முழுதாவதற்குள் லீவு முடிந்துவிட்டது.

கிளம்புகிற அன்று காலையில் பெட்டி வாசலில் இருந்தது. மஞ்சள் பலகை வண்டியைக் கணவர் துடைத்து நிறுத்தியிருந்தார். அச்சடித்த டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருந்தன. போனைக் காணவில்லை.

கட்டிலுக்கடியில், அலமாரியில், குளியலறையில், துவைக்கப் போட்ட துணியில் எல்லாம் தேடினோம். சத்தம் வராதபடி வைத்திருந்ததால் அடித்துப் பார்த்தும் பயனில்லை. கணவர் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "புள்ளி வீட்டுக்குள்ளதான் இருக்கு" என்றார், ரொம்பப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. அது எங்களுக்கும் தெரியும் என்றேன் எரிச்சலோடு.

முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நாத்தனார் வெட்டுத்துணி போட்டுவைக்கிற சாக்கு ஒன்று இருக்கும். வாண்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து இறங்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. கல்லுளிமங்கி மாதிரி வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது.

புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அம்மா இருப்பாள். புள்ளியை வீட்டில் வைத்துக்கொண்டால் அம்மா எப்படிப் போவாள்?

அவளைத் தூக்கி இறக்கிவிட்டுச் சாக்கைக் கவிழ்க்க எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. கை வரவில்லை. ஒரு வருடமாக அவள் புள்ளியைத்தான் தேடினாள், என்னைத் தேடவில்லை என்று பொருமிக்கொண்டிருந்தேன். என்னைப் போகவிடாமல் பிடித்துவைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே பிடி அதுதான் என்பது அந்தச் சாக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாத்தனாருக்குச் சாக்கு விஷயம் தெரியாது. அவர் பதற்றம் அவருக்கு. "நேரமாச்சும்மா. போன் கெடக்கட்டும். அங்க போய் வேற வாங்கிக்க. போன் இல்லாம யாரும் ஊருக்குப் போனதில்லையா?" என்றார். கணவரும் பெட்டியைத் தூக்கிவிட்டார்.

எழுந்தேன். வாண்டுவின் தலையில் முத்தமிட்டேன். போய்விட்டு வருகிறேன் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னேன். வாசலில் செருப்பைப் போட்டேன். வண்டிக் கதவைத் திறந்தேன்.

உள்ளே சாக்கு சாய்கிற சத்தம் கேட்டது. துண்டுத் துணிகளை வாரி வாரி வெளியே எறிந்துகொண்டிருந்தாள். பிறகு ஓடிவந்தாள். தலையில் நூல், தோளில் ஒரு சிவப்புத் துணித் துண்டு, இரண்டு கையிலும் சேர்த்துப் பிடித்தபடி என் போன். முகம் முழுக்கப் பயம்.

"இந்தா, வச்சுக்கோ" என்றாள். "இல்லேன்னா நீ தொலஞ்சு போயிடுவே."

தெருவிலேயே மண்டி போட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். பிள்ளை மனம் கல்லாம். சொன்னவன் வாயில் மண்ணைப் போட. கணவர் வண்டிக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் அவளை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, தன் போனைத் திறந்து கையில் கொடுத்தார். வண்டி கிளம்பியது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குனிந்து போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், புள்ளி நகர்கிறதா என்று. நகர்ந்திருக்க வேண்டும். நான் கையாட்டினேன், யாரும் பார்க்காவிட்டாலும் ஆட்டினேன். தெருமுனையில் கணவர் பிரேக்கை மிதித்தார். குறுக்கே வண்டி எதுவும் வரவில்லை. அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். வாண்டு போனை அத்தையின் கையில் திணித்துவிட்டு, தலையை நிமிர்த்தி, வண்டிக்குள் இருந்த என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.